பீரோவுக்குக் காவல்

"நாளைக்குப் பத்து மணிக்கு ஃபைல் கோர்ட்டுல இருக்கணும். ஜட்ஜ் உத்தரவு" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் போய்விட்டார்.

காவல் நிலைய ஆவண அறை எழுத்தர் இரும்புப் பீரோவுக்குள் தலையை விட்டு நாலாவது தடவையாகத் தேடினார். ஃபைல் இல்லை. இன்றைக்கு மட்டுமா இல்லை? மூன்று வருஷமாகவே இல்லை. அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஓய்வு பெற இன்னும் பதினெட்டு நாள். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடத் தொலைக்காதவர் என்று பெயர். இது வெளியே தெரிந்தால் வழியனுப்பு விழா கிடையாது, விசாரணைதான்.

எல்லாம் ஒரு மனுவில் ஆரம்பித்தது. இன்ன எண்ணுள்ள ஃபைல் தொடர்பாக என்று ஓர் அம்மாள் எழுதியிருந்தார். எண்ணைப் பார்த்ததுமே எழுத்தர் பீரோவுக்கு ஓடினார். அந்த எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. இல்லை என்று எழுதினால், எங்கே போயிற்று என்று கேட்பார்கள். "ரகசிய ஆவணம், தர இயலாது" என்று பதில் போட்டுவிட்டு, அத்தோடு விட்டது தொல்லை என்று நினைத்தார்.

அந்த அம்மாளைப் பற்றி அவருக்கு அப்போது தெரியாது.

மேல்முறையீடு வந்தது. இருபது வருஷத்துக்கு முன் நடந்த தண்ணீர் மோட்டார் திருட்டில் அப்படி என்னய்யா ரகசியம் என்று மேலதிகாரி கேட்டார். "விசாரணை இன்னும் நடக்குதுங்கய்யா" என்று எழுத்தர் உளறிவிட்டார். நடக்கிறது என்றால் நடத்த வேண்டுமே! இரண்டு போலீஸ்காரர்கள் மோட்டார்காரர் வீட்டுக்குப் போனார்கள்.

"மோட்டார்தான் அந்த வாரமே கிடைச்சிடுச்சே! மாடிக்குத் தண்ணி ஏத்திட்டிருக்கு, பாருங்க!" என்றார் அவர்.

"கிடைச்சது சரி. தொலைஞ்சப்ப எப்படி இருந்துச்சு?" என்று கேட்டு நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார்கள்.

அம்மாள் கோர்ட்டுக்குப் போனார், வக்கீல் வைக்காமல். ஃபைல் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, வெளியே வந்தால் பொது அமைதி கெடும் என்றார் காவல் துறை வக்கீல். எழுத்தர் எழுதிக் கொடுத்ததுதான். பத்திரிகைகள் விடுமா? மோட்டார் திருட்டுக்குப் பின்னால் எந்தப் பெரிய புள்ளி என்று தலைப்புப் போட்டன. மிரண்டுபோன மேலிடம், பீரோவுக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு காவலரை நிறுத்தியது.

"உள்ள என்னதான் சார் இருக்கு?" என்று காவலர் குசுகுசுத்தார்.

"அது உனக்குத் தெரியாம இருக்கிறதுதான் நல்லது" என்றார் எழுத்தர். எனக்கும்தான் என்று மனசுக்குள் சேர்த்துக்கொண்டார்.

ஆனால் கோர்ட்டில் அந்த அம்மாளைப் பார்க்கப் பார்க்க எழுத்தர் அசந்துபோனார். ஒரு வாய்தாகூடத் தவறியதில்லை. கடையைப் பூட்டிவிட்டு, இரண்டு பஸ் மாறி, முதல் ஆளாக வந்து நிற்பார். நூலகத்தில் உட்கார்ந்து சட்டத்தைக் கரைத்துக் குடித்திருந்தார். ஃபைலைப் பற்றி அவர் வாயெடுத்தாலே, "அதைப் பற்றிப் பேசவே இவருக்கு உரிமை இல்லை" என்று வக்கீல் மறிப்பார். ஆகவே மூன்று வருஷமும் அந்த உரிமையைப் பற்றியே வழக்கு ஓடியது. வக்கீல் ஒரு மணி நேரம் முழங்கியதை அம்மாள் குரலை உயர்த்தாமல் ஒரு நிமிஷத்தில் அடக்கிவிடுவார்.

"போலீஸ் ஃபைல்னா போலீஸ்காரங்க வீட்டு டைரியா ஐயா? எங்க புகார், எங்க வாக்குமூலம். அதைப் பத்தி ஒருத்தர் எழுதினா, படிச்சுப் பதில் சொல்லணும். அவ்வளவுதானே நான் கேக்கறேன்?"

எழுத்தருக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. எதிர்த் தரப்பில் உட்கார்ந்திருந்ததால் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் இன்னும் மோசம். மனைவி அந்த அம்மாளின் படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தாள்.

"ரெண்டு ஜட்ஜ் மாறிட்டாங்க, இவங்க அசையலையே! என்ன பொம்பளைங்க! அந்த ஃபைலைக் குடுத்தாத்தான் என்னவாம் உங்களுக்கு?"

இருந்தால் கொடுக்க மாட்டேனா என்பது நாக்கு நுனிவரை வந்தது. தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளினார்.

கடைசியில், முடிந்த வழக்குகளின் ஃபைலைப் பார்க்க எல்லோருக்கும் உரிமை உண்டு என்று தீர்ப்பு வந்தது. மறுநாளே நிலைய வாசலில் வரிசை நின்றது. பொய்ப் புகாரில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், பதினோரு வருஷத்துக்குப் பிறகு புகார் கொடுத்தவன் பெயரைப் படித்துவிட்டு, எழுத்தரின் மேஜையிலேயே தலை சாய்த்து அழுதாள். நான் போட்ட பூட்டைத்தானே அந்த அம்மாள் உடைத்திருக்கிறார் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது பீரோ முன்னால் அவருக்கு வேறு வழி தோன்றவில்லை. போலீஸ்காரர்கள் எழுதி வந்த அந்த நாலு பக்கத்தை உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார்.

மறுநாள் நீதிபதி உறையைப் பிரிக்கப் போனார். எழுத்தர் அம்மாளைப் பார்த்தார். வழக்கம்போல் நிமிர்ந்து நின்றிருந்தார். அதற்கு மேல் எழுத்தரால் முடியவில்லை.

"பிரிக்காதீங்கய்யா! அதுல ஃபைல் இல்லை. மூணு வருஷமாவே இல்லை. தொலைச்சது நான்தான். இப்படிப்பட்ட ஒருத்தங்களை இன்னும் ஏமாத்த எனக்கு மனசு வரலைங்கய்யா."

வக்கீல் பொத்தென்று உட்கார்ந்தார். உறைக்குக் காவலாகக் கூடவே வந்திருந்த துப்பாக்கிக் காவலர் வாயைப் பிளந்தார். அம்மாள் மட்டும் பதறவில்லை.

"ஐயா, நான் முதல்லயே..." என்று ஆரம்பித்தார்.

"கொஞ்சம் பொறுங்கம்மா" என்றார் நீதிபதி. "இந்த கேஸுக்கு நான் மூணாவது ஆள். உரிமை உண்டா இல்லையான்னு மட்டும்தான் வாதம் கேட்டேன். இவங்க முதல்ல எழுதின மனுவை எடுத்து முழுசாப் படிங்க. ஃபைல்ல அப்படி என்னதான் வேணும்னு கேட்டிருக்காங்க?"

கோர்ட் குமாஸ்தா கட்டின் அடியிலிருந்த பழைய காகிதத்தை உருவி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்:

"'மேற்படி எண்ணுள்ள ஃபைல், உங்கள் நிலையத்திலிருந்து என் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்ட கட்டுக்குள் இருந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன். யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தெரிவிக்கவும்.'"