பொட்டு வைக்காத பெட்டி

கற்பூர வாசனையோடு கருகிய வயரின் வாசனையும் கலந்து வந்தால் மற்றவர்கள் மெயின் சுவிட்சைத் தேடி ஓடுவார்கள். எனக்கு முதலில் வெட்கம் வரும். பிறகு சிரிப்பு வரும். அதற்கும் பிறகு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், நெஞ்சு நிமிரும். (தொப்பையும் கூடவே நிமிர்கிறது. அதை விடுங்கள்.)

ஓசூரில் ஒரு கம்பெனியில் டிஸ்பாட்ச் பார்ப்பவன் நான். லாரி வரும், லாரி போகும். என் மனசு மட்டும் எந்த லாரியிலும் ஏறாமல் கேட்டருகே நின்று எதையாவது நோண்டிக்கொண்டிருக்கும். நடு வயதில் சிலர் யோகாவுக்குப் போகிறார்கள், சிலர் காலையில் எழுந்து ஓடுகிறார்கள். நான் ரேடியோ செய்ய ஆரம்பித்தேன். சமையலறையை ஒட்டி, கம்பி போட்டு அடைத்த பால்கனியில் என் மேசை. உண்மையில் அது வாஷிங் மெஷினுக்கான இடம். குழாயும் வடிகாலும் அங்கேதான். மெஷினோ ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், யாரும் உட்காரச் சொல்லாத விருந்தாளி மாதிரி நின்றுகொண்டிருந்தது.

என் மனைவி செல்விக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். கெடு வைப்பாள்.

"ஆயுத பூஜை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள அந்த மேசையால யாருக்காச்சும் ஒரு பிரயோஜனம்னு காட்டுங்க. இல்லன்னா மறுநாளே மெஷினு உள்ள, மேசை வெளிய."

மேசைக்குக் கருவி வாங்கும் வரிசையை எங்கள் மெயின்டனன்ஸ் முருகேசன் முன்பே சொல்லியிருந்தார். முதலில் நல்ல மல்டிமீட்டர். அடுத்து, வோல்டேஜை வேண்டிய அளவுக்கு ஏற்றி இறக்கும் பவர் சப்ளை. ஆசிலாஸ்கோப் கடைசியில், அதுவும் தேவைப்பட்டால். நல்ல யோசனை. ஆனால் மல்டிமீட்டர் மின்சாரத்தை வெறும் எண்ணாகச் சொல்கிறது. பவர் சப்ளை சும்மா ஒரு பெட்டி. ஆசிலாஸ்கோப்போ மின்சாரத்தை அலையாக வரைகிறது! கண்ணுக்குத் தெரியாத ஒரு நதி பச்சைக் கோடாகத் திரையில் நெளிகிறது! அதைப் பார்த்த பிறகு எவன் எண்ணைப் பார்ப்பான்? பேருக்கு ஒரு மல்டிமீட்டரை வாங்கிப் போட்டுவிட்டு ஸ்கோப்புக்கு அலைந்தேன்.

எங்கள் ஊரில் ஏதாவது கம்பெனி தன் லேபைப் புதுப்பித்தால் பழைய கருவிகள் எடைக்கு வந்துவிடும். ஜாபர் பாயின் பழைய சாமான் கடையில் அது கிடந்தது. முன்பக்கம் வட்டத் திரை, பின்பக்கம் எருமை நீளம்.

"ஓடுமா பாய்?"

"ஓடுமான்னு கேக்காதீங்க சார். தூக்க முடியுமான்னு கேளுங்க."

தூக்கிப் பார்த்தேன். இடுப்பு 'மளுக்' என்றது. இவ்வளவு கனமான பொருள் மட்டமாக இருக்க முடியாது என்று அந்தக் கணமே முடிவுகட்டினேன். (ஆசிலாஸ்கோப்பைப் பித்தளை அண்டா போலத் தட்டிப் பார்த்து வாங்கிய ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.) அதன் கீழே பெயின்ட் உரிந்து, திருகும் குமிழ் உடைந்த ஒரு பவர் சப்ளை. "இதையும் எடுத்துட்டுப் போயிருங்க சார், தனியா இருந்தா எவனும் கேக்க மாட்டான்" என்று பாய் தலையில் கட்டினார். வீட்டில் போட்டுப் பார்த்தால் அதன் சிவப்பு எண்கள் ஒழுங்காகவே எரிந்தன. இருந்தாலும் லட்சணம் போதாதென்று மேசைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. மேசையில் ஸ்கோப்புக்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. மல்டிமீட்டர், ஸ்க்ரூ டிரைவர், கொறடு எல்லாவற்றுக்கும் பொட்டு. ராயக்கோட்டையிலிருந்து மாமியாரும் செல்வியின் அண்ணன் கோவிந்தனும் குட்டியானை வண்டியில் வந்து இறங்கினார்கள். மச்சான் தக்காளி போட்டிருந்தார். இறங்கும்போதே முதுகில் மாட்டும் மருந்தடிக்கும் மிஷின் கையில்.

"மாப்ள, மழ வுட்டதும் எல கருக ஆரம்பிச்சிருச்சு. நாளைக்குக் காத்தால மருந்து அடிக்கலன்னா தோட்டம் போச்சு. இதுல பேட்டரி சுத்தமா எறங்கிப்போச்சு, சார்ஜரும் அவுட்டு. கடைக்காரனெல்லாம் பூஜ போட்டு ஷட்டர எறக்கிட்டான்."

செல்வி என்னைப் பார்த்தாள். நான் ஸ்கோப்பைப் பார்த்தேன். இதோ, கெடு முடியும் நாளில், வாசல் தேடி வந்த பிரயோஜனம்!

"கற்பூரம் காட்றதுக்குள்ள முடிச்சிருங்க மாப்ள" என்றார் மாமியார். "பொட்டு வெச்ச சாமான அப்புறம் நாளைக்கு வரைக்கும் தொடக்கூடாது."

சார்ஜரைத் திறந்து, ப்ளக்கில் மாட்டி, எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினேன். "கரண்டு எதுவரைக்கும் வருது, எங்க நிக்குதுன்னு இப்ப கோடா தெரியும்."

"ஈசிஜி மாதிரியா மாப்ள?"

"அதேதான் மச்சான்."

ஸ்கோப்பின் வயரில் சின்னதாக ஒரு கிளிப் உண்டு. அது உள்ளுக்குள் நேராக வீட்டின் எர்த்தோடு சேர்ந்தது. சார்ஜரில் லைன் கரண்ட் பாயும் பக்கத்தில் அதைக் கடிக்க வைத்தால், கரண்டுக்குப் பூமிக்குள் பாய நாமே ரோடு போட்டுக் கொடுத்த மாதிரி. இது எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். ஆனால் எதிரே மாமியார், கையில் தட்டு, தட்டில் கற்பூரம் பற்றிக்கொண்டது. அவசரத்தில் கடிக்க வைத்தேன்.

டமார்!

நீலமாக ஒரு மின்னல். விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒன்றாக மூச்சை நிறுத்தின. அந்திக் கருக்கலில் கற்பூரம் மட்டும் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் மாமியாரின் குரல்:

"ஏன் மாப்ள, பூசணிக்காய வூட்டுக்குள்ளயேவா ஒடச்சீங்க?"

கீழ்வீட்டிலிருந்து ஓனரம்மா கன்னடத்தில், "ஏனாய்த்து சார்? ஏனாய்த்து?" என்று, என்ன ஆயிற்றோ எனப் பதறினார். மச்சான் மாடிப்படியில் எட்டிப் பார்த்து, "ஏனில்ல அம்மா, பூஜெ ஆய்த்து!" என்று, ஒன்றுமில்லை பூஜைதான் முடிந்தது எனச் சொல்லி, என் மானத்தைக் கன்னடத்தில் காப்பாற்றினார்.

ட்ரிப்பான சுவிட்சைத் தூக்கிவிட்டதும் வெளிச்சம் வந்தது. சார்ஜர் கரி. கிளிப்பின் பற்கள் காற்றில் கரைந்துவிட்டன. ஸ்கோப்பில் நேர்கோடுகூட வரவில்லை. நோயாளியும் போய், டாக்டரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

செல்வி நேராக வந்து மேசையின் அகலத்தைச் சாண் போட்டு அளந்தாள். மச்சான் தோளைத் தட்டி, "பரவால்ல மாப்ள, பக்கத்துத் தோட்டத்துல கைப்பம்பு இருந்தாக் கேட்டுப் பாக்கறேன்" என்றார். அவர் திட்டியிருக்கலாம். அந்தக் கனிவுதான் தாங்கவில்லை.

முகத்தை மறைக்க வேறு இடமில்லாமல், சிதறியதைப் பொறுக்குகிற சாக்கில் மேசைக்கு அடியில் புகுந்தேன். தலை எதிலோ இடித்தது. பவர் சப்ளை. உரிந்த பெயின்டோடு, யாரும் அழைக்காமலே அது அங்கே காத்துக்கொண்டிருந்தது. இடித்த வலியோடு ஒரு வெளிச்சமும் வந்தது: பேட்டரிக்கு வேண்டியது அந்தச் சார்ஜர் இல்லையே, சரியான அளவில் கரண்ட்தானே!

வெளியே இழுத்தேன்.

"தொடாதீங்க மாப்ள! பூஜ ஆயிருச்சு!"

"அத்தை, இதுக்குப் பொட்டு வைக்கல."

மாமியார் குனிந்தார். முன்னே பார்த்தார், பின்னே பார்த்தார், கவிழ்த்துக் காட்டச் சொல்லி அடியிலும் பார்த்தார். மேசையின் தலையெழுத்தே அந்த நெற்றிச் சுருக்கத்தில் தொங்கியது.

"பொட்டும் இல்ல, பூவும் இல்ல. அப்ப இதுக்கு லீவு கெடையாது. வேல செய்யட்டும்."

குமிழ் இல்லாத தண்டைத் திருகக் கொறடு வேண்டும். கொறட்டுக்குப் பொட்டு வைத்தாயிற்று. நான் விழித்துக்கொண்டு நிற்க, கொடியிலிருந்து ஒரு துணிக் கிளிப்பை உருவி என் கையில் வைத்தாள் செல்வி. (அந்த மேசைக்கு அவள் கொடுத்த முதல் சீர் அது.) தண்டைக் கிளிப்பால் கவ்வி மெல்லத் திருகினேன். சிவப்பு எண்கள் ஏறின. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி அது; பதினாலைத் தாண்டியதும் நிறுத்தினேன். பிளஸ்ஸுக்குச் சிவப்பு, மைனஸுக்குக் கறுப்பு. இந்த முறை அவசரப்படவில்லை. சத்தம் இல்லை, மின்னல் இல்லை. பேட்டரி குடிக்க ஆரம்பித்தது.

மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டு எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் ஆக ஆகக் கரண்ட் குறைந்துகொண்டே வந்தது, பந்தியில் வயிறு நிறைந்தவர் இலைக்கு மேல் கையை விரித்துப் போதும் போதும் என்பது போல. ஒரு நதியை வரைந்து பார்க்க ஆசைப்பட்டவனுக்கு அன்று ஒரு சொம்பு நிறைவதைப் பார்க்கவே கண் கலங்கியது.

விடிந்ததும் மச்சான் டேங்கில் தண்ணீர் ஊற்றி ஹாலிலேயே விசையை அழுத்தினார். 'உய்ய்' என்று பூவாகத் தூவி வாஷிங் மெஷினைக் குளிப்பாட்டியது. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தக்காளி பிழைத்தது. ஸ்கோப் மட்டும் இன்றைக்கும் பிழைக்கவில்லை. வருஷா வருஷம் மாலை வாங்கிக்கொள்வதோடு அதன் உத்தியோகம் முடிந்தது. ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் வாங்கப் புறப்பட்டால் யாராவது ஒருவர், "மாப்ள இருக்கறப்போ அது எதுக்கு?" என்பார். வீடே சிரிக்கும். சிரித்துவிட்டு, "அந்தப் பெட்டிக்கு மட்டும் பொட்டு வெச்சிராதீங்க, அவசரத்துக்கு வேணும்" என்பார் மாமியார், பூஜைத் தட்டை என்னிடமிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு.

அந்த முதல் வருஷம், பூஜைக்கு மறுநாள் காலை குட்டியானை கிளம்பி, தெருமுனை வரை போய், ரிவர்ஸில் திரும்பி வந்தது. மச்சான் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். என்னை விட்டுவிட்டு வாசலில் நின்ற தங்கச்சியைப் பார்த்துச் சொன்னார்:

"பாப்பா, வாஷிங் மெஷினு ஹால்லயே கெடக்கட்டும். ஊர்ல இன்னும் நாலஞ்சு பேரு பேட்டரி எறங்கிக் கெடக்குது, அடுத்த வாரம் எடுத்தாறேன்."