பச்சைக்கோடு

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க அந்தக் காலத்தில் படைகள் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தனவாம். பச்சைக்கோட்டிடம் கல்யாண வீடியோவுக்குக் காத்துக் கிடந்தவர்களைப் பார்த்தால் அந்தப் படைகள் வெட்கப்பட்டு மூட்டை கட்டியிருக்கும். ஒரு மாப்பிள்ளை கைக்குழந்தையோடு வந்து கேட்டுவிட்டுப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

பச்சைக்கோடு என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர்; செஞ்சியில் திண்டிவனம் ரோட்டு ஸ்டூடியோவில் அவர் வீடியோ எடிட்டர். நான் பக்கத்து மேஜையில் ஆல்பம் டிசைன். படம் பிடித்த துண்டுகளைக் கிளிப் என்போம். அவற்றைக் கம்ப்யூட்டரில் வரிசையாக அடுக்கினால் மேலே மெல்லிசாக ஒரு கோடு ஓடும். சிவப்பு என்றால் கம்ப்யூட்டருக்கு இன்னும் ஜீரணமாகவில்லை, படம் திக்கித் திக்கி ஓடும். அது ஜீரணிப்பதைத்தான் ரெண்டர் என்போம்; முடிந்தால் பச்சை. எஃபெக்ட் ஏதும் போடாத வெறும் கிளிப்புக்குப் பெரும்பாலும் கோடே வராது.

நம்மவர் வெறும் கிளிப்பை விட்டுவைப்பாரா? மணமக்கள் தலையில் ரோஜா இதழ் கொட்டும், பின்னால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை சுற்றும். பச்சை வந்ததும் இன்னும் நாலு இதழ் சேர்ப்பார், மறுபடி சிவப்பு. சிவப்பாக இருக்கும்போது யாராவது வந்தால் திரையைத் துண்டால் மூடிவிடுவார். சாப்பிட்டாச்சா என்று கேட்டால்கூட, "இன்னும் செவப்புதான்" என்பார்.

வல்லத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர். முகூர்த்த நேரத்தில் பந்தியில் சாம்பார் பற்றாமல் போக, வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். தாலி கட்டியதை அவர் பார்க்கவே இல்லை.

"மேளச் சத்தந்தான் கேட்டுச்சு தம்பி. அத மட்டும் ஒருவாட்டி காட்டேன்."

"செவப்பா இருக்குது பெரியவரே. திக்கும். பச்சையானதும் வாங்க, சினிமா மாதிரி காட்றேன்."

"திக்கினாலும் பரவால்ல."

துண்டு விலகவில்லை. பெரியவர் அடுத்தடுத்த சந்தை நாட்களிலும் வந்தார். ஒவ்வொரு தடவையும் இவர் புதிதாக ஏதோ சேர்த்திருந்தார். அந்த மனுஷனுக்காகவே சேர்த்தார் என்பதுதான் கொடுமை.

பிறகு மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பெரியவர் எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்து மகள் வந்தாள். பச்சைக்கோடு எஃபெக்டுகளை ஒவ்வொன்றாக நீக்கினார். இதழ் போனது, மலை போனது, கோடும் போனது. தாலி கட்டும் காட்சி திக்காமல் ஓடியது.

"ஒண்ணும் போடாம வுட்டிருந்தா அன்னிக்கே ஓடியிருக்கும்" என்றார் என்னிடம்.

"எங்க நைனா எங்க, காணோமே?" என்று அப்பாவைத் தேடினாள் அந்தப் பெண்.

பந்திக் கிளிப்புகளைத் தேடி ஒன்றை எடுத்துத் தாலிக்கு அடுத்து வைத்தார். கெட்டிமேளம் கேட்கிறது. பெரியவர் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் வந்த பக்கமாகக் கும்பிடுகிறார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போகிறார். அந்தப் பெண் அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள்.

இப்போது யார் கேட்டாலும் சிவப்போ பச்சையோ, போட்டுக் காட்டிவிடுகிறார். தன் நாற்காலியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, படத்தைப் பார்க்காமல் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓரமாக நிற்கிறார். அப்போது அவர் மேல் எனக்குப் பொங்கி வருகிற பாசத்தை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், போய் ஒரு டீ வாங்கி வந்து கையில் கொடுக்கிறேன்.