உபரி ஆசிரியர் விஷயமாக மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகளும் நலமென்று நம்புகிறேன். நானும் நலமென்று நீங்கள் நம்பிக்கொள்ளுங்கள், இருவருக்கும் சௌகரியம்.

மாமனாராக உங்களை ஒரு வார்த்தை கேட்க எனக்கு வாய் கிடையாது. நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியராக, ஆசிரியர்களைப் பங்கிட்டு அனுப்பும் அதிகாரியைக் கேட்கிறேன். போன வருஷம் எங்கள் பள்ளியில் பிள்ளைகளைவிட பெஞ்சுகள் அதிகம். ஆசிரியர்கள் ஐந்து பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொட்டாவி விட்டோம். இந்த வருஷம் பக்கத்தில் அடுக்குமாடி கட்டுகிறார்கள், வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் திமுதிமுவென்று சேர்ந்துவிட்டார்கள், ஆளுக்கொரு பாஷை பேசுகிறார்கள், இடமில்லாமல் ஜன்னல் திட்டில் உட்காருகிறார்கள், ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் ஒரே அறையில் முதுகோடு முதுகு ஒட்டி நடக்கின்றன. இந்த நேரம் பார்த்து, போன வருஷக் கணக்குப்படி மூன்று பேர் உபரி என்று தூக்கிவிட்டீர்கள். மிச்சம் நானும் அறிவியல் டீச்சரும்தான். இப்போது அவரும் உபரியாம்! அந்தப் பிள்ளைகளிடமே கற்றுக்கொண்டு, வயிறு வலிக்கிறதா என்று அவர்கள் பாஷையில் கேட்கிற ஒரே ஆள் அவர். அவரையாவது விட்டுவையுங்கள்.

உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "இந்த வருஷப் பிள்ளைங்களுக்கு அடுத்த வருஷந்தான் சார் வாத்தியார் வருவாங்க" என்றார் எழுத்தர். "அதுக்குள்ள கட்டடம் முடிஞ்சு பிள்ளைங்க போயிடுமே தம்பி?" என்றேன். "அப்ப உங்களுக்குத்தானே சார் நிம்மதி!" வயிறு எரிகிறது மாப்பிள்ளை. வேறு அதிகாரியாக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். பெண்ணைக் கொடுத்துவிட்டேனே, கும்பிட்டுத்தான் கேட்க முடிகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேன்மேலும் பதவி உயர்ந்து, எங்கள் பள்ளி கண்ணிலேயே படாத உயரத்துக்குப் போக வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் கையெழுத்தோடு உத்தரவு வந்துவிட்டது. டீச்சர் இங்கேயே இருக்கலாமாம். உபரி நான்தானாம், உங்கள் அலுவலகத்தில், பள்ளிகளிலிருந்து வரும் புகார்களுக்குப் பதில் எழுதும் பிரிவுக்கு மாற்றம். பின்னாலேயே மகள் போன் செய்தாள். "அப்பா, அவரு எவ்வளவு அலைஞ்சு வாங்கினாரு தெரியுமா? ஃபேனுக்கு நேர் கீழ உங்க சீட்டு. ஒரு நன்றி சொல்லுங்கப்பா." நன்றி மாப்பிள்ளை. எனக்கும் முழங்கால் முன்போல் இல்லை. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள், நாளைக்கே வந்து சேருகிறேன். "இத்தனை பிள்ளைங்களை நான் ஒருத்தி என்ன சார் பண்ணுவேன்?" என்று டீச்சர் வாசல்வரை வந்து கேட்டார். "ஆபீசுக்கு எழுதிப் போடுங்க டீச்சர்" என்றேன்.