மைக் மாமி வரவேற்ற துறைமுகம்

தொண்ணூறுகளில் மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரைக்கும் மைக் மாமியின் கையில் அகப்படாமல் தப்பித்த மைக் ஒன்றுகூடக் கிடையாது. மைக் இருந்தால் கூட்டம், கூட்டம் என்றால் கேள்வி நேரம், கேள்வி நேரம் என்றால் மாமி. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். கச்சேரி ரோடு பக்கத்துச் சந்தில் ஒரே காம்பவுண்டில் பல வருஷம் குடியிருந்தும் எனக்கு அது தெரியாது. தபால்காரரே "மைக் மாமிக்கு ஒரு கார்டு" என்றுதான் குரல் கொடுப்பார்.

மாமி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர்களுக்கு டிரங்க் கால் போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தவர். யார் யாரோ டெல்லிக்கும் கல்கத்தாவுக்கும் அழுதுகொண்டும் கொஞ்சிக்கொண்டும் பேசுவதை, "த்ரீ மினிட்ஸ் ஓவர்" என்று ஈவிரக்கமில்லாமல் வெட்டுவது அவருடைய உத்தியோகம். வாழ்நாள் பூராவும் அடுத்தவர் பேச்சையே கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, ரிடையரான மறுநாள் மடை திறந்துவிட்டது.

ஒரு முறை எங்கள் பேட்டை ஹாலில் சர்க்கரை வியாதி பற்றிச் சொற்பொழிவு. "ஒரே ஒரு சந்தேகம்" என்று மாமி எழுந்தார். அந்தச் சந்தேகம் முடிவதற்குள் பேச வந்த டாக்டருக்கே சர்க்கரை இறங்கிப்போய், சாக்லேட் கொடுத்து உட்காரவைத்தார்கள். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். பாடகர் வெந்நீர் குடிக்க நகர்ந்த இடைவெளியில் மைக், மாமியின் கைக்கு வந்துவிட்டது. "ரெண்டாவது பந்திக்கு ரசம் வரவே இல்லை. பொண்ணாத்துக்காரா கவனிக்கணும்." பெண்ணின் அப்பா மேடைக்கு ஓடிவந்து கும்பிட்டார். "கும்பிடறது இருக்கட்டும், ரசம் எங்கே?" என்றார் மாமி. அதுவும் மைக்கிலேயே.

ஆனால் எவ்வளவு கோபத்தோடு எழுந்தாலும் அவர் ஆரம்பிக்கிற வாக்கியம் ஒன்றுதான்: "இதை ஏற்பாடு பண்ணினவாளை மனசார வரவேற்கிறேன்." ஏன் மாமி என்று கேட்டால், "மேடை நாகரிகம்டாப்பா. திட்டறதுக்கு முன்னாடி ஒரு நமஸ்காரம்" என்பார்.

அந்த நாகரிகம்தான் அவரைக் கவிழ்த்தது.

ஒரு நாள் காலையில் அமலோற்பவம் வந்தார். எக்ஸ்சேஞ்சில் மாமியோடு வேலை பார்த்த அட்டெண்டர். நகரத்துக்கு வடக்கே கடலோரக் குப்பம் ஒன்றில் வீடு. புருஷனும் மகன்களும் கடலுக்குப் போகிறவர்கள்.

"அக்கா, எங்க குப்பத்தாண்ட கல்லு நட்டுட்டுப் போய்கிறானுங்க. இன்னான்னு கேட்டா, துறைமுகம் வருதாம். சரக்குக் கப்பலுங்க வந்து நிக்குமாம். அப்போ நாங்க எங்கக்கா நிக்கிறது?"

பெரிய திட்டம் எதுவானாலும், சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று முதலில் ஆய்வறிக்கை எழுத வேண்டும், பிறகு ஜனங்களைக் கூப்பிட்டு அதன்மேல் கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்த புதுசு. இந்தத் துறைமுகத்துக்கும் அறிவிப்பு வந்திருந்தது. பேப்பரின் ஒரு மூலையில், காணாமல்போன சர்டிபிகேட் விளம்பரத்துக்குக் கீழே. அறிக்கையைக் கலெக்டர் ஆபீசில், வேலை நேரத்தில் நேரில் வந்து பார்க்கலாமாம்.

நான் அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் உதவி ஆசிரியர். "நீ எழுதற பிள்ளை, கூட வா" என்று மாமி என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அறிக்கை பீரோவுக்குள் இருந்தது. சாவி ஒருவரிடம் இருந்தது. அந்த ஒருவர் லீவில் இருந்தார். மாமி ஹாலின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உரத்த குரலில் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார். சற்று நேரத்தில் சாவி கிடைத்துவிட்டது.

தமிழ்ச் சுருக்கத்தைப் பிரித்தோம். "கடல் ஆமைகள் திட்டத்துக்கு ஒத்துழைக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது" என்று ஒரு வரி. "அருகிலுள்ள காப்பித் தோட்டங்களுக்குப் பாதிப்பு இராது" என்று இன்னொரு வரி. எந்த மலைக்கு எழுதிய அறிக்கையிலிருந்து பெயர்த்து எடுத்தார்களோ! நான் சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை. அவர் விரல் வேறொரு வரியில் நின்றிருந்தது: "திட்டப் பகுதியில் நிரந்தரக் குடியிருப்புகள் ஏதும் இல்லை."

"காப்பித் தோட்டம் இருக்காம். அமலு ஆத்தை மட்டும் காணுமாம்" என்றார்.

கருத்துக் கேட்புக் கூட்டம் தி.நகரில், ஒரு கல்யாண மண்டபத்தில். கடல் அங்கே, கருத்து இங்கே. 'பொதுமக்கள் வசதிக்காக' என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். குப்பத்து ஆண்கள் கடலில் இருக்கிற காலை வேளை. அமலோற்பவமும் சில பெண்களும் பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தபோது, முன் வரிசைகளில் ஒரே நிறத்தில் தொப்பி போட்ட ஆட்கள் நிறைந்திருந்தார்கள். வேன்களில் வந்திறங்கியவர்கள். ஒருவரிடம் எந்த ஊர் என்று கேட்டேன். "சாப்பாடு எப்ப சார்?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

முந்தின நாள் கல்யாண அலங்காரம் இன்னும் மேடையில் இருந்தது. மணமக்களின் சிவப்பு வெல்வெட் நாற்காலிகளில் ஒன்றில் அதிகாரி, இன்னொன்றில் கம்பெனி மேனேஜர். தலைக்கு மேல் தெர்மகோல் இதயம். "ஜோடிப் பொருத்தம் ஜோரா இருக்கு" என்றார் மாமி என் காதில்.

வேலை வாய்ப்பு, வளர்ச்சி, வருங்காலம் என்று தொப்பிக்காரர்கள் வரிசையாகப் பேசி முடித்த பிறகு மாமியின் கைக்கு மைக் வந்தது. "இந்தக் கூட்டத்தை ஏற்பாடு பண்ணினவாளை மனசார வரவேற்கிறேன்" என்று அவர் ஆரம்பித்ததும் முன் வரிசைகளில் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. 'வரவேற்கிறேன்' என்று காதில் விழுந்தால் தட்ட வேண்டும் என்று சொல்லி அழைத்து வந்திருப்பார்கள் போலும்.

கைதட்டல் ஓய்ந்ததும் மாமி காப்பித் தோட்டத்தை எடுத்தார்.

"அது டைப்பிங் மிஸ்டேக் மேடம்" என்றார் மேனேஜர்.

"ஒரு காப்பித் தோட்டத்தையே டைப் அடிச்சிருக்கேள். ஒரு குப்பத்தை டைப் அடிக்க மட்டும் கை வலிச்சுதா?"

பின் வரிசைப் பெண்கள் ஓவென்று கத்தினார்கள். அதிகாரி பொறுமையாகச் சொன்னார்: "அங்க யாரும் இல்லேன்னுதான் சர்வே சொல்லுதும்மா."

அப்போது மாமி, அதுவரை அவர் செய்து யாரும் பார்த்திராத ஒரு காரியத்தைச் செய்தார். மைக்கை இன்னொருவரிடம் கொடுத்தார். "இந்தா அமலு. நீ இருக்கியா இல்லையான்னு நீயே சொல்லு."

அமலோற்பவம் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நாங்க கீறோம் சார். எங்க மாமியாரு அங்கதான் பொறந்துச்சி. எம் புள்ளைங்க அங்கதான்..."

மைக் செத்துவிட்டது. கரண்ட் இருந்தது, விசிறிகள் சுற்றின, விளக்குகள் எரிந்தன. மைக் மட்டும் செத்துவிட்டது. அமலோற்பவம் அதைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையாலேயே கத்தினார்: "வல காயப்போடற எடத்துல கல்லு நட்டுகிறீங்களே, எங்களுக்கு எதனா எடம் கீதான்னாவது சொல்லுங்க சார்!"

அதே நேரம் டைனிங் ஹால் கதவு திறந்தது. சாம்பார் வாசனை வந்தது. தொப்பிகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்தன. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து, "நேரமாச்சு, நன்றி" என்றார். மாமி மேடைக்குக் கீழே நின்றுகொண்டு, "அவ பேசிண்டிருக்கா! அவ இன்னும் பேசிண்டிருக்கா!" என்று கத்தினார். நாற்காலி இழுபடும் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. எத்தனையோ பேருடைய பேச்சை நடுவில் துண்டித்தவருக்கு, துண்டிக்கப்பட்டவர் முகம் எப்படி இருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நாள் கழித்து, கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைப் பார்க்க அதே ஆபீசுக்குப் போனோம். அதில் இப்படி இருந்தது: "மயிலாப்பூரைச் சேர்ந்த மூத்த பெண்மணி ஒருவர் திட்டத்தை மனமார வரவேற்றார். அறிக்கையிலுள்ள எழுத்துப்பிழை ஒன்றையும் சுட்டிக்காட்டி உதவினார்." அமலோற்பவம் எந்தப் பக்கத்திலும் இல்லை. கிளார்க்கைக் கேட்டேன். "மைக்ல பேசினதுதான் சார் ரெக்கார்டு."

மாமி மறுத்து எழுதினார், திரும்பத் திரும்ப எழுதினார். 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம்' என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. திட்டத்துக்கு அனுமதி வந்தது. குப்பத்தை எடுத்து, கடல் சத்தமே கேட்காத ஓர் ஏரிக்கரையில் ஓட்டு வீடுகள் கட்டி வைத்தார்கள். மீனவர்கள் கடலுக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். அப்போதும் எங்கள் பத்திரிகையில் துறைமுகத்தின் மாதிரிப் படத்தை நடுப்பக்கத்தில் வண்ணத்தில் போட்டோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

புது வீட்டுக்கு மாமியோடு நானும் போயிருந்தேன். வாசலிலேயே நின்று, "என் வாயாலேயே உன் ஆத்தை இடிச்சுட்டேண்டி அமலு" என்று மாமி அழுதார்.

"அட போக்கா!" என்றார் அமலோற்பவம். "நீ வரவேக்கலன்னா மட்டும் வுட்டுட்டுப் போயிருப்பானுங்களா? எத்தினியோ பேரு காருல வந்து எங்களுக்காகப் பேசறேன்னு பேசிட்டுப் போனாங்க. எங்கையில மைக்கக் குடுத்தது நீ ஒருத்திதான். உள்ள வா, டீ போடறேன்."

மாமி உள்ளே போனார், டீயும் குடித்தார். ஆனால் தேறவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. மயிலாப்பூரில் கேள்வி நேரங்கள் குறித்த நேரத்தில் முடிந்தன. "காதுக்கு நிம்மதி சார்" என்றார் பக்கத்துப் போர்ஷன்காரர். குழாயில் தண்ணீர் வராத நாட்களில்கூட மாமி காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு பேசாமல் உள்ளே போனார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவர் வாசலில் போய் நின்றேன். "மாமி, நம்ம சந்துக்கு மட்டும் ஏன் தண்ணி வரமாட்டேங்குது?"

மாமி என்னையே ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு நெஜமாவே தெரியணுமா?"

"தெரியணும்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊருக்குத் தண்ணீர் புறப்படும் ஏரியிலிருந்து ஆரம்பித்தார். பேச்சு பம்ப் ஹவுசைத் தாண்டி, மெயின் ரோட்டுக் குழாய்க்கு வருவதற்குள் என் வீட்டிலிருந்து பால் தீய்ந்த வாசனை காம்பவுண்டு முழுக்கப் பரவிவிட்டது. நான் படியில் இன்னும் கொஞ்சம் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.