எழுவர் குழுவும் ஒரு ஜாடி பீன்ஸும்

பல்கேரியப் பெண்களைக் கணிதத்துக்கு அழைத்துவர ஆண்கள் பட்ட பாடு வரலாற்றில் பொறிக்கத்தக்கது. அந்தப் பாட்டில் ஏழில் ஒரு பங்கு என்னுடையது. எங்கள் கணித நிறுவனத்தின் ‘பன்முகப் பங்கேற்புக் குழு’வில் ஏழு பேர். எழுவரும் முனைவர்கள், எழுவருக்கும் மீசை. நான் செயலாளர்.

நிறுவனத்தின் ஆண்டு விழாவில் ‘பெண்கள் ஏன் வருவதில்லை?’ என்று கருத்தரங்கம் வைத்தோம். பேச்சாளர்கள் நாங்களே.

ஆயத்தக் கூட்டத்தில் ரலிட்சா எழுந்தார். பதினோரு வருடமாக ‘தற்காலிக’ப் புள்ளியியல் ஆசிரியை. அவரை நிரந்தரமாக்குவதா என்பதை மறுமாதம் இதே எழுவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

“மேடையில எனக்கும் ஒரு நாற்காலி போடலாமே?”

தலைவர் கெர்ஜிகோவ் பதறிப்போனார். “நீங்க மேடைக்கு வந்துட்டா பெண்கள் வந்துட்டாங்கன்னு ஆயிடுமேம்மா! அப்புறம் தலைப்பு என்ன ஆகுறது?”

தர்க்கம் இரும்பு. ரலிட்சா தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

விழா நாளில் இருநூறு நாற்காலிகள் எங்களை உற்றுக் கேட்டன. மைக் செட்காரர் மட்டும் இடையில் கொட்டாவி விட்டார். காய்கறிச் சந்தையில் ஒரே பெண்கள் கூட்டமாம் என்று அவர்தான் சொன்னார். தலைவர் என்னைக் கேமராவுடன் அனுப்பினார்.

அங்கே மிளகாய்க் கூடைகளுக்கு நடுவில் ரலிட்சா. முன்னால் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய வெள்ளை பீன்ஸ். எத்தனை என்று நாற்பது வியாபாரிப் பெண்கள் ஆளுக்கு ஓர் எண் சொல்லியிருந்தார்கள். அத்தனையையும் கூட்டி நாற்பதால் வகுத்தார். பிறகு எண்ணிப் பார்த்தார்கள். பதினான்கு பீன்ஸ்தான் வித்தியாசம்.

“அடியேய்!” என்று மிளகாய்க்காரி ஸ்தோயன்கா கூவினாள். “நான் சொன்னதும் தப்பு, இவ சொன்னதும் தப்பு. எல்லாத் தப்பும் சேர்ந்து எப்படிடி சரியாச்சு?”

“எல்லாரும் ஒரே மாதிரி தப்பு பண்ணலையே, அதான்” என்றார் ரலிட்சா. “ஒரே மாதிரி ஆளுங்க ஏழு பேர் சொல்லியிருந்தா, தப்பு அப்படியேதான் நின்னிருக்கும்.”

ஸ்தோயன்கா என்னைப் பார்த்தாள். “ஏம்பா, மீசை! உனக்குப் புரிஞ்சுதா?”

நான் படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

மறுமாதம் குழு கூடியது. சந்தையில் செய்தது ‘ஆய்வு அல்ல, வேடிக்கை’ என்று ஒருமனதாக முடிவாயிற்று. ரலிட்சாவை நிரந்தரமாக்கவில்லை; தற்காலிகப் பணியும் நீட்டிக்கப்படவில்லை. செய்தியை நான்தான் கொண்டுபோனேன்.

“ஏழுக்கு ஏழா?” என்று கேட்டார்.

“ஆமா.”

“நீங்களுமா?”

என் ஷூவில் தூசி இருந்தது. அதைக் கவனித்தேன்.

அந்தச் சந்தைப் படத்தை ஆண்டறிக்கையின் அட்டையில் போட்டோம். நாற்பது பெண்கள், நாற்பது சிரிப்பு! தலைநகரில் எங்களுக்குப் ‘பெண்கள் பங்கேற்புப் பதக்கம்’ கிடைத்தது. படத்தில் ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது: நடுவில், நிறுவனத்தில் பணியில் இல்லாத ஒரு பெண். விதி விதிதானே. அவரை நானே கத்தரித்து எடுத்தேன்.