சங்கிலி இல்லாத யானைக்கு ஓர் ஒத்திகை

நான் சொன்ன பொய்களிலேயே அதிக காலம் தாக்குப்பிடித்தது, எனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பதுதான். பெண் பார்க்கப் போன அன்று, கேசரியை வாயில் வைத்துக்கொண்டு சொன்னது. மீனாவின் அப்பா, "கார் ஓட்டத் தெரியுமோ?" என்று கேட்டார். சட்டைப் பையில் லைசென்ஸ் இருந்தது. அந்தத் தைரியத்தில் "தெரியும்" என்றேன். (லைசென்ஸ் இருப்பதும் ஓட்டத் தெரிவதும் வேறு வேறு விஷயம் என்பதை யாராவது கேசரி சாப்பிடும்போது விளக்கிக்கொண்டிருப்பார்களா?)

கேரளத்தில் லைசென்ஸ் வேண்டுமென்றால் 'எச்' எடுத்துக் காட்ட வேண்டும். மைதானத்தில் எச் எழுத்தின் வடிவத்தில் கம்பிகளை நட்டிருப்பார்கள். ஒன்றையும் தொடாமல் அவற்றுக்கு நடுவே காரை முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். என் டிரைவிங் ஆசான் அதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தார். "மூணாமத்தெ கம்பி கண்ணாடியில் கண்டால் ஸ்டியரிங் முழுவன் ஒடிக்கணும் சாரே" என்பார். ரிவர்ஸ் என்றால் என்னவென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கம்பிகளை மனப்பாடம் செய்து பாஸாகிவிட்டேன். அன்று காரிலிருந்து இறங்கியவன், ஸ்ரீவராகத்து வீட்டிலிருந்து கழக்கூட்டத்துக்கு ஏழு வருடம் ஆபீஸ் பஸ்ஸிலேயே போய்வந்தேன். கேட்டவர்களிடம் சுற்றுச்சூழல் மேல் அக்கறை என்றேன்.

மாமியார் காலமான பிறகு மாமனார் எங்களோடு வந்து தங்கினார். கூடவே அவருடைய காரும் வந்து வாசலில் நின்றது. முப்பது வருடம் ஓட்டியவர், கண்ணில் கோளாறு வந்ததால் டாக்டர் சொல்லி நிறுத்திவிட்டார். பார்வை இனி மெல்ல மெல்லக் குறையத்தான் செய்யும் என்று டாக்டர் சொல்லியிருந்ததை மீனா என்னிடம் மட்டும் அழுதுகொண்டே சொன்னாள். அந்த வாரம் தொலைக்காட்சியில் ஆப்பிரிக்கக் காடு ஒன்றைக் காட்டினார்கள். மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பார்த்தார்.

"நான் பாத்த ஆனை எல்லாம் நெத்திப்பட்டம் கட்டி, கால்ல சங்கிலி போட்ட ஆனையாக்கும். சங்கிலி இல்லாத ஒண்ண ஒரு தரம் பாத்துடணும்னு ஆசை" என்றார்.

மீனா அன்றைக்கே தேட ஆரம்பித்துவிட்டாள். தென்னாப்பிரிக்காவில் ஒரு வனப்பூங்கா. காரை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டிக்கொண்டு போய், மிருகங்களை அவற்றின் இடத்திலேயே பார்க்கலாம். டிரைவர், கைடு யாரும் வேண்டாம். "நீங்கதான் ஓட்டுவேளே" என்றாள். அங்கே வலப்பக்கம் ஓட்டுவார்கள், பழக்கமில்லையே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். இல்லை, நம்மைப் போல இடப்பக்கம்தான் என்று காட்டினாள். இந்திய லைசென்ஸ் செல்லாதே என்றேன். அதற்கு ஒரு பெர்மிட் உண்டாம், விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுத்தே வைத்திருந்தாள். மாமனாருக்கு இருந்த ஒரே கவலை, அங்கே ராகுகாலத்தை நம்மூர் நேரப்படி பார்ப்பதா, அவர்கள் நேரப்படி பார்ப்பதா என்பதுதான். அதையாவது பிடித்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டலாம் என்று நினைத்தேன். தெருவில் விசாரித்து, இருக்கிற ஊரில் சூரியன் எப்போது உதிக்கிறதோ அந்தக் கணக்குதான் என்று அவரே முடிவு கட்டிவிட்டார்.

ஆபீஸில் என் வேலை டெஸ்டிங். அடுத்தவன் செய்ததில் என்னென்ன தப்பு நடக்கலாம் என்று யோசிப்பதற்குத்தான் சம்பளம். அந்தத் திறமையை எல்லாம் கொட்டி ஒரு எக்ஸெல் ஷீட் போட்டேன். டயர் பஞ்சரானால், சிங்கம் பானெட்டில் படுத்தால், சாயங்காலம் கேட் மூடுவதற்குள் தங்குமிடம் திரும்பாவிட்டால் என்று அறுபத்தெட்டு வரிசை. 'ஓட்டுபவனுக்கு ஓட்டத் தெரியாவிட்டால்' என்ற வரிசையை மட்டும் போடவில்லை. ராத்திரி தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் காண்டாமிருகம் வந்தது.

கடைசியில் நானே ஒரு யோசனை சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை வேளி ஏரி வரை போய்வந்து ஒத்திகை பார்க்கலாம். பூங்காவின் விதிகளை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும். நாற்பதுக்கு மேல் வேகம் கூடாது, ஹார்ன் கூடாது, கண்ணாடியை இறக்கக் கூடாது, என்ன ஆனாலும் காரைவிட்டு இறங்கக் கூடாது. இந்தச் சாக்கில் ஓட்டப் பழகிவிடலாம் என்பது என் ரகசியத் திட்டம். இருவரும் நம்பினார்கள். மாமனார் சாவியைச் சாமி படத்தின் முன் வைத்து எடுத்து என் கையில் கொடுத்தார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. முன்னால் போவது எனக்கு வந்தது. பின்னால் வந்த பஸ்காரர்கள் என் பரம்பரையையே விசாரித்தார்கள். கண்ணாடி ஏற்றியிருந்ததால் காதில் விழவில்லை. மாமனார் பின் சீட்டில் பைனாகுலரோடு உட்கார்ந்து, பசு ஒன்பது, ஆடு நாலு என்று குறித்துக்கொண்டு வந்தார். திரும்பி எங்கள் தெருவில் நுழைந்தபோது மணி எட்டரை. நிஜமாகவே எனக்கு ஓட்டத் தெரியும் போலிருக்கிறதே என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

அப்போதுதான் எதிரே யானை வந்தது.

தெருக்கோடிக் கோயிலில் உற்சவம். காலை எழுந்தருளிப்பு ஊர்வலம் முடிந்து யானை திரும்பிக்கொண்டிருந்தது. யானையும் காரும் ஒன்றையொன்று தாண்ட அந்தத் தெருவில் இடமில்லை. மீனா ஷீட்டைப் பார்த்துப் படித்தாள்: "யானை எதிரே வந்தால் பதறாமல் மெதுவாகப் பின்வாங்கவும்." எழுதியவன் நான்தான். பாகன் கையை ஆட்டி, "பின்னோட்டு எடுக்கு சாரே" என்று கத்தியது கண்ணாடியையும் தாண்டிக் கேட்டது.

ரிவர்ஸ் கியரைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். உற்சவத்துக்காகத் தெருவின் இரு பக்கமும் மூங்கில் நட்டுக் குருத்தோலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. வரிசையாகக் கம்பிகள். தெய்வமே நட்டுவைத்தது என்று நினைத்தேன். மூன்றாவது மூங்கில் கண்ணாடியில் தெரிந்ததும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். கார் வளைந்து, ஒரு மூங்கிலையும் தொடாமல், இரண்டுக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு பின்னால் போயிற்று. வெஹிகிள் இன்ஸ்பெக்டர் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே பாஸ் போட்டிருப்பார்.

இரண்டு மூங்கிலுக்கும் நடுவே இருந்தது அன்னதானப் பந்தலின் வாசல். சமையற்காரர்கள் அலறிக்கொண்டு விலகினார்கள். ஆறவைத்திருந்த வெல்லப் பாயசம், வெண்கல உருளியோடு சாய்ந்து காரின் பின்புறத்தை அபிஷேகம் செய்தது. பந்தல் துணி காரின் கூரை மேல் இறங்கியது.

யானைக்கு வெல்ல வாசனை எட்டிவிட்டது. பாகன் தடுத்தும் கேட்காமல் பக்கவாட்டில் வந்து நின்று, பின் கண்ணாடியைத் தும்பிக்கையால் துழாவித் துழாவிச் சாப்பிட ஆரம்பித்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில், என் மாமனார். தெரு முழுக்கக் கூடிவிட்டது. பாதிப் பேர் மொபைலைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். கோயில் கமிட்டி செயலாளர் வந்து என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். நான் இறக்கவில்லை, விதிமுறை என்று சைகை காட்டினேன். (அதுவும் ஒரு வீடியோவில் இருக்கிறது.)

இருபது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். மாமனார் பைனாகுலரை மடியில் வைத்தார்.

"மாப்ளே, நேராச் சொல்லுங்கோ. ரிவர்ஸ் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது மாமா. கம்பி நட்டிருந்தாத்தான் தெரியும்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பைனாகுலரை உறைக்குள் வைத்து ஜிப்பை மூடினார். "பரவால்லை. நாம டிவியிலயே பாத்துக்கலாம்" என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்தப் பாகன் என்னைத் தூக்கி யானையின் வாயில் போட்டிருந்தாலும் நியாயம் என்று ஒத்துக்கொண்டிருப்பேன்.

மீனா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காப்பியை வைத்துவிட்டு, "பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தேள்னா நான் அப்பவே கத்துண்டிருப்பேனே. உங்களுக்குத் தெரியுங்கறதாலதானே நான் கத்துக்கவே இல்லை" என்றாள். அப்போதுதான் சொன்னேன், பயமாக இருக்கிறது என்று. ஏழு வருடம் சொல்லாமல் வைத்திருந்தது, ஒரே வார்த்தையாக வந்தது. அடுத்த திங்கட்கிழமை அவள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். குறுக்குவழி வேண்டாம், ரிவர்ஸை ஒழுங்காகச் சொல்லித் தாருங்கள் என்று ஆசானிடம் முதல் நாளே சொல்லிவிட்டாளாம்.

அடுத்த வருடம் போனோம். மீனா ஓட்ட, மாமனார் முன் சீட்டில். நான் பின்னால் ஷீட்டோடு. மூன்றாம் நாள் காலையில் புதரிலிருந்து ஒரு கொம்பன் யானை வெளியே வந்து பாதையின் நடுவே நின்றது. காதை விரித்தது. நான் விதிகளைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன், ஒருவரும் கேட்கவில்லை. மீனா ஒரு கையைச் சீட்டின் மேல் போட்டுத் திரும்பிப் பார்த்து, காரை நேர்கோட்டில் நூறு மீட்டர் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். யானை மரத்தை உடைத்துத் தின்றுவிட்டுத் தன் பாட்டுக்குப் போயிற்று. மாமனார் அதன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

இப்போது அவருக்குப் பார்வை ரொம்பவே மங்கிவிட்டது, காது மட்டும் கூர்மை. போன வாரம் வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். மிக்ஸி ஓடவில்லை என்று மீனா சொல்ல, "நகரு, எனக்குத் தெரியும்" என்று எழுந்தேன். கூடத்திலிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"மாப்ளைக்குத் தெரியுமாம். எல்லாரும் ஒரு நாலடி தள்ளி நின்னுக்கோங்கோ."

முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள்கூடத் தள்ளித்தான் நின்றார்கள்.