மானியம் வாங்காத மனிதன்

அரசாங்கக் காசைக் கையால் தொடமாட்டேன். மார்லீஸின் காபிக்கடையில் எனக்கிருந்த மரியாதை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல் நின்றது. "மானியம் வாங்குறவன் விவசாயி இல்லப்பா, கவர்மெண்டு வளர்க்கிற பூனை" என்பேன். எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தில் இதற்குக் கைதட்டுவார்கள்.

வருஷா வருஷம் மக்காச்சோளத்துக்கு மானியம் வாங்கியதும் நான்தான். ஏன் அப்படிப் பேசினேன் என்று என்னையே கேட்டிருக்கிறேன்.

"ரோலண்ட், சேதி தெரியுமா? மானியம் வாங்குறவங்க பேரை இணையத்துல போடுறாங்களே, அடுத்த தடவை நம்ம ஊரும் உண்டாம்!" என்றான் பக்கத்துப் பண்ணை ஓட்டோ.

காபியைப் பாதியில் வைத்தேன். வீட்டுக்கு ஓடினேன்.

"ரொசெல்லா, பண்ணையை உன் பேருக்கு மாத்திடலாம்னு பார்க்கிறேன்."

"ஏன், சாகப்போறியா?"

"அன்புதான்."

"கல்யாணத்தன்னிக்கே இல்லாதது இப்ப எங்கேருந்து முளைச்சுது? உன் பேருக்குப் பதிலா என் பேர் ஊர்ல நாறணும். அதானே?"

"பேர் மட்டும்தான் உன்னுது. முடிவெல்லாம் நான்தான் எடுப்பேன்."

"சரி" என்றாள். அவள் உடனே சரி சொன்னபோதே நான் பயந்திருக்க வேண்டும்.

பெயருக்கு மட்டும் முதலாளியாக இருந்தால் மானியம் கிடையாது. பண்ணையை நிஜமாகவே நடத்துவது ரொசெல்லாதானா என்று பார்க்க வேளாண் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். சமையலறை மேஜையில் செர்ரிப் பழம் அடைத்துச் சுட்ட பலகாரம் வைத்து உபசரித்தோம்.

"எது கேட்டாலும் நீதான் முடிவு பண்றதா சொல்லு" என்று ரொசெல்லாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். சொன்ன பேச்சைக் கேட்டாள்.

"இந்த வருஷம் என்ன முடிவு எடுத்திருக்கீங்க?"

"புது டிராக்டர் கிடையாது. பழசே நல்லா ஓடுது."

புதியதற்கு நான் முன்பணமே கட்டியிருந்தேன். ரொசெல்லாவை முறைத்தேன்.

"ஏதாவது சொல்லணுமா?" என்றாள் வந்தவள் என்னிடம்.

சொன்னால் மானியம் போகும். "அவங்க சொன்னா சரிதாங்க."

"மேற்கு வயல்ல இனி மக்காச்சோளம் வேண்டாம், மாட்டுத் தீவனத்துக்குக் குதிரைமசால் போடுறோம்" என்று தொடர்ந்தாள் ரொசெல்லா. " அப்புறம், இந்தச் சமையலறைக்குப் புதுக் கூரை."

"கூரைகூடவா விவசாயம்?" என்றேன்.

"வேலையாளுக்குச் சாப்பாடு இங்கதானே போடுறேன்?"

"இவர் பண்ணையில என்ன பண்றார்?"

ரொசெல்லா யோசித்தாள். அவ்வளவு நேரம் யோசித்திருக்க வேண்டாம்.

"டிராக்டர் ஓட்டுவார். சொன்னாச் செய்வார். காபிக்கடையிலதான் கொஞ்சம் பொழுது போயிடுது."

வந்தவள் திருப்தியோடு போனாள். நான் பழைய டிராக்டரில் ஏறி உட்கார்ந்தேன். நான் யாரை ஏமாற்றினேன்? ஊரையா, அரசாங்கத்தையா, இவளையா? மேற்கு வயலுக்கு அவள் சொன்ன குதிரைமசால்தான் சரி என்பது இந்தக் கேள்வியைவிட வலித்தது.

பட்டியல் வெளியான அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காபிக்கடைக்குள் நுழைந்தேன்.

"தேடிப் பாருங்கடா என் பேரை!"

ஓட்டோ செல்பேசியில் மேலும் கீழும் தடவினான். "இல்லப்பா. எங்கேயும் இல்ல."

உலகமே கைதட்டியது போலிருந்தது. "எல்லாருக்கும் காபி! காசு நான் தரேன்!" என்று பையில் கைவிட்டேன்.

"கையை எடு ரோலண்ட்" என்றாள் மார்லீஸ். "உன் முதலாளியம்மா காலையிலயே குடுத்துட்டாங்க. உனக்கு ஒரு கப்தானாம். குடிச்சதும் வயலுக்கு வரச் சொன்னாங்க."